மழை விட்ட காலையில் பழைய புரோட்டோன் சாகா கார் ஏன் முரண்டு பிடிக்கிறது?

அக்டோபர் பிறந்துவிட்டால் சுங்கை சிப்புட் பக்கம் மதியத்துக்கு மேல் மழை கொட்டும். மறுநாள் காலை, தோட்டத்து வீடுகளின் முன் நிற்கும் பழைய காடிகளில் ஒன்றிரண்டாவது மக்கர் பண்ணும். சாவியைத் திருகினால் எஞ்சின் சுற்றும், ஆனால் பற்றாது. உடனே பேட்டரி மேல் பழியைப் போடுவார்கள். பனி கொட்டும் நாடுகளில் அது சரியாக இருக்கலாம். கடுங்குளிரில் பேட்டரிக்குள் வேதிவினை மந்தமாகிவிடும். நம் ஊரில் எஞ்சின் சுறுசுறுப்பாகச் சுற்றினால் பேட்டரி நன்றாக இருக்கிறது என்றே அர்த்தம். நான் முதலில் பார்ப்பது, பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத்தான். பிளக் என்பது எஞ்சினில் பொறி தட்டி எரிபொருளைப் பற்றவைப்பது.

1985-இல் வந்த முதல் புரோட்டோன் சாகா போன்ற கார்பரேட்டர் காலத்துக் காடிகளில், பேட்டரியின் 12 வோல்ட்டை இக்னிஷன் காயில் சுமார் 20,000 வோல்ட்டுக்கு உயர்த்தும். மூடிக்குள் சுழலும் ரோட்டர் அதை முறைவைத்து நான்கு பிளக்குகளுக்கும் அனுப்பும். பிளக் முனையில் உள்ள இடைவெளி ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான். ஆனால் சிலிண்டருக்குள் அழுத்தப்பட்ட காற்றைத் தாண்டுவது லேசுப்பட்ட வேலையில்லை. அதைவிடச் சுலபமான வழி கிடைத்தால் மின்சாரம் அதிலேயே நழுவிவிடும்.

அந்த வழியை ஈரம் போட்டுக் கொடுக்கிறது. எஞ்சின் இரவில் ஆறும்போது மூடிக்குள் இருக்கும் ஈரக்காற்றும் குளிர்ந்து, உட்சுவரில் நீராகப் படியும். சுத்தமான நீர் மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாது. ஆனால் அங்கே செம்மண் தூசி இருக்கிறதே! அழுக்குநீர் வழியாக மின்சாரம் எஞ்சின் உடம்புக்குள் இறங்கிவிட, பிளக்கில் பொறி வராது.

மூடியைக் கழற்றித் துணியால் துடைத்தால் காடி கிளம்பிவிடும், சரி. அப்புறம் ஏன் அடுத்த மழைக்கும் அதே கதை? கசிந்த மின்சாரம் பிளாஸ்டிக்கைக் கருக்கி, பென்சில் கோடு மாதிரி மெல்லிய கரித்தடத்தை விட்டுப்போகும். கரி மின்சாரத்தைக் கடத்தும். ஈரம் காய்ந்தாலும் அந்த வழி அடைபடாது. கோடு தெரிந்தால் மூடியை மாற்றத்தான் வேண்டும். கையோடு பிளக் ஒயர்களையும் பாருங்கள். இருட்டில் பானட்டைத் திறந்து எஞ்சினை ஓடவிட்டால், வெடித்த ஒயரில் நீலப்பொறி துள்ளும். கையை மட்டும் உள்ளே விடாதீர்கள். ஈரம் விரட்டும் ஸ்பிரேயை எஞ்சின் ஆறியபின் சாவியை எடுத்துவிட்டு அடியுங்கள். அது எளிதில் தீப்பிடிக்கும்.

முன்கண்ணாடி மங்குவதும் இதே ஈரத்தால்தான். விரலால் தொட்டுப் பாருங்கள். உள்பக்கம் ஈரம் என்றால் ஏர்கோனைப் போட்டால் காற்று உலர்ந்துவிடும். வெளிப்பக்கம் என்றால் ஏர்கோனே கண்ணாடியை அதிகம் குளிரவைத்திருக்கிறது. குளிரைக் குறைத்து வைப்பரை ஓடவிடுங்கள்.