பொலெண்டா: உப்புமா அல்ல, களி

மக்காச்சோள ரவையைக் கொதிநீரில் கிண்டிச் செய்யும் வட இத்தாலிய உணவு பொலெண்டா. சமையல் பக்கங்களில் அதை ‘இத்தாலிய உப்புமா’ என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. நோய் இப்போது இலக்கியத்துக்கும் பரவியிருக்கிறது. அண்மையில் படித்த ஒரு மொழிபெயர்ப்பு நாவலில், வட இத்தாலியின் லொம்பார்டிப் பகுதிக் குடியானவன் ஒருவன் வயலிலிருந்து திரும்பி வந்து ‘சோள உப்புமா’ சாப்பிடுகிறான். கடுகு, கறிவேப்பிலை தாளித்தானா என்பதை மொழிபெயர்ப்பாளர்தான் சொல்ல வேண்டும்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாக முடித்துவிடலாம். லத்தீனில் பொலெண்டா என்றால் உமி நீக்கி இடித்த பார்லி. கூழைக் குறிக்கும் ‘புல்ஸ்’, நுண்மாவைக் குறிக்கும் ‘பொல்லென்’ ஆகியவற்றுக்கு உறவுச் சொல். கொலம்பஸுக்குப் பிறகு அமெரிக்காவிலிருந்து வந்த மக்காச்சோளம் 16ஆம் நூற்றாண்டில் வெனிஸ் பகுதியில் பயிரானது. அதுவரை சிறுதானிய மாவையும் செஸ்நட் மாவையும் கிண்டிக்கொண்டிருந்த வட இத்தாலியர், பழைய பெயரையே புதிய தானியத்துக்கும் வைத்துக்கொண்டனர்.

இனிச் சமையல். உப்புமாவுக்கு ரவையை வறுக்கிறோம், தாளிக்கிறோம், சில நிமிடங்களில் இறக்கிவிடுகிறோம். உதிரியாக வந்தால் கைப்பக்குவத்துக்குப் பாராட்டு. பொலெண்டாவில் இவற்றில் ஒன்றுகூடக் கிடையாது. ‘பயோலோ’ என்னும் செம்புப் பாத்திரத்தில் உப்பிட்ட தண்ணீர் கொதிக்கும். ஒரு பங்கு மக்காச்சோள ரவைக்கு நான்கு அல்லது ஐந்து பங்கு தண்ணீர். ரவையை ஒரு கையால் மழைபோலத் தூவி, மறு கையால் கட்டைகொண்டு கிண்ட வேண்டும். விட்டால் கட்டி தட்டும், அடிப்பிடிக்கும். முக்கால் மணி நேரத்தில் திரண்டு பாத்திரத்தின் ஓரத்தை விட்டு விலகும். அந்தப் பதத்தில் மரப்பலகையில் கவிழ்த்து, இறுகியதும் நூலால் அறுப்பார்கள். உடன் வெண்ணெய், பாலாடைக்கட்டி அல்லது இறைச்சிக் குழம்பு. வெனிஸ் பக்கத்தில் வெள்ளை மக்காச்சோளத்தில் கிண்டி மீனோடு உண்பதும் உண்டு.

துடுப்புப் போட்டுக் கிண்டி, திரண்டதும் இறக்கி, குழம்போடு உண்பதற்குத் தமிழில் பெயரா இல்லை? தருமபுரியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: களி. ஆகவே மக்காச்சோளக் களி. கூழ் என்பாரும் உண்டு. கூழைக் கரைத்துக் குடிக்கிறோம். களியை உருட்டித் தின்கிறோம். கஞ்சி இன்னும் தொலைவு. தட்டில் பரவும்படி இளக்கமாகவும் பொலெண்டா இறக்குகிறார்களே என்று கேட்கலாம். இளகிய களியும் களிதான், அது உப்புமாவாகிவிடாது.

பிறகு ஏன் இந்தத் தயக்கம்? வெட்கம்தான் என்பது என் எண்ணம். களி என்றதும் சிறைச்சாலை நினைவுக்கு வருகிறது. ‘களி தின்ன வைக்கிறேன் பார்’ என்பது நம் ஊர் மிரட்டல். ஐரோப்பியப் பண்டத்துக்கு அந்தப் பெயரா என்று மொழிபெயர்ப்பாளர் கூசுகிறார். ஆனால் பொலெண்டாவும் ஏழையின் சாப்பாடாகவே இருந்தது. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் அதைத் தவிர அதிகம் எதுவும் கிடைக்காத வட இத்தாலியக் குடியானவர்களை, நியாசின் என்னும் வைட்டமின் குறைவால் வரும் பெல்லக்ரா நோய் தாக்கியது. தோல் வெடித்து, புத்தி பேதலித்து மாண்டார்கள். மக்காச்சோளத்திலுள்ள நியாசின், சுண்ணாம்பு நீரில் வேகவைத்தால்தான் உடலில் நன்கு சேரும். மெக்சிகோ மக்கள் அறிந்திருந்த அந்தப் பக்குவம் தானியத்தோடு கப்பலேறவில்லை. தென்னித்தாலியர் வடக்கத்தியரை ஏசும் ‘பொலெண்டோனி’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ‘களிதின்னிகள்’ என்று பெயர்த்தால் வசை வசையாகவே நிற்கிறது. ‘உப்புமாக்காரர்கள்’ என்றால் யாருக்குக் கோபம் வரும்?

‘சோளம்’ என்று மொட்டையாக எழுதுவதும் தவறு. சோளம் வேறு, மக்காச்சோளம் வேறு. சமையல் குறிப்புகளில் வரும் ‘சோளமாவு’ அதைவிடக் கேடு. கேட்டால் கடைக்காரர் கார்ன்ஃப்ளவர் பொட்டலத்தை நீட்டுவார். அது சூப்பைக் கெட்டியாக்கும் வெள்ளை ஸ்டார்ச். கொதிநீரில் கொட்டிக் கிண்டினால் சுவரொட்டி ஒட்டலாம். மஞ்சளாக, கைக்கு நறநறவென்று இருக்கும் மக்காச்சோள ரவைதான் வேண்டும். குறிப்பிலும் அப்படியே எழுதுங்கள். ‘உடனடி’ என்று அச்சிட்ட பொட்டலமாக இருந்தால் அது முன்பே வேகவைத்தது. அதற்குச் சில நிமிடங்கள் கிண்டினால் போதும்.