நோயாளிக்குப் பக்கத்தில் நிற்கும் தம்பிக்கு

ஏற்காட்டில் காபித் தோட்டத்தில் வேலை பார்ப்பவர் அவர். வயது 44. ஒன்பது மாதமாக மலத்தில் ரத்தம் போயிருக்கிறது. மூலம்தான் என்று அவரே முடிவு செய்துகொண்டு மெடிக்கலில் மாத்திரையும் களிம்பும் வாங்கியிருக்கிறார். துத்திக்கீரை, கருணைக்கிழங்கு என்று வீட்டில் சொன்னதையெல்லாம் சாப்பிட்டிருக்கிறார். நடுவில் ஒரு கிளினிக்கில் காட்டியபோதும், ஆசனவாயில் விரல் விட்டுப் பார்க்காமலே அதே மூல மாத்திரையைத் தொடரச் சொல்லிவிட்டார்கள். விரல் விட்டுப் பார்க்க ஒரு நிமிடம் போதும். சேலத்தில் என்னிடம் வந்து சேர்ந்தபோது மலக்குடலில் இருந்த புற்றுநோய் கல்லீரலுக்கும் போயிருந்தது.

அவருக்குச் செய்ய வேண்டிய சிகிச்சை நடக்கிறது. நான் எழுத வந்தது, ரிப்போர்ட் பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்ற அவருடைய தம்பியைப் பற்றி. அவருக்கு 39.

“நீங்களும் ஒரு கொலோனோஸ்கோபி பண்ணிக்கணும்” என்றேன். கேமரா வைத்த மெல்லிய குழாயை ஆசனவாய் வழியாக விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் சோதனை அது. “எனக்கு ஒண்ணும் இல்லீங்க டாக்டரம்மா. நல்லா பசிக்குது, தினமும் வெளிக்குப் போயிடுது. எனக்கு எதுக்குங்க?” என்றார்.

ஒன்றும் இல்லாதபோது பார்ப்பதற்குத்தான் ஸ்கிரீனிங் என்று பெயர். பெருங்குடல் புற்றுநோய் பெரும்பாலும் ‘பாலிப்’ என்கிற சின்னச் சதை வளர்ச்சியில் ஆரம்பிக்கிறது. எல்லா பாலிப்பும் புற்றுநோயாவதில்லை. ஆகிற வகைக்கும் பொதுவாகப் பத்து வருடம் போல ஆகும். அந்தப் பத்து வருடமும் வலி இருக்காது, பசி குறையாது. அந்த நேரத்தில் பார்த்து எடுத்துவிட்டால், அந்தப் பாலிப்பிலிருந்து புற்றுநோய் வரவே வழியில்லை.

அப்பா, அம்மா, உடன்பிறந்தவர், பிள்ளை என நெருங்கிய ரத்த உறவில் ஒருவருக்குப் பெருங்குடல் அல்லது மலக்குடல் புற்றுநோய் வந்திருந்தால், மற்றவர்கள் 40 வயதில் பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால், அவருக்குக் கண்டுபிடித்த வயதுக்குப் பத்து வருடம் முன்னாடி. இரண்டில் எது முதலில் வருகிறதோ அது. அண்ணனுக்கு 44 என்றால் தம்பிக்கு 34. ஏற்கெனவே ஐந்து வருடம் தள்ளிப் போய்விட்டது என்று அவரிடம் சொன்னேன். அப்புறம் அவர் மறுத்துப் பேசவில்லை.

சோதனையைவிட அதற்கு முந்தைய ராத்திரிதான் சிரமம். பேதிப் பொடியைத் தண்ணீரில் கரைத்து லிட்டர் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். கடைசியில் எலுமிச்சைத் தண்ணீர் மாதிரி தெளிவாகப் போக வேண்டும். குடல் சுத்தமாக இல்லாவிட்டால் சின்ன பாலிப் கண்ணில் படாது. இதைக் குடித்துவிட்டு ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவும் பஸ்ஸில் இறங்கி வர முடியுமா? அதனால் மலையிலிருந்து வருகிறவர்களை முதல் நாளே சேலத்தில் சொந்தக்காரர் வீட்டில் தங்கச் சொல்லிவிடுவேன். இவர் அம்மாபேட்டையில் மாமியார் வீட்டில் தங்கினார்.

மறுநாள் லேசான மயக்க ஊசி, அரை மணி நேர வேலை. இடது பக்கப் பெருங்குடலில் காம்பு வைத்தாற்போல ஒரு பாலிப் இருந்தது. கம்பிச் சுருக்கைக் காம்பில் மாட்டி இறுக்கி, கரண்ட் வைத்து அறுத்து எடுத்தேன். குடலின் உட்பக்கத்தில் இப்படி அறுத்தால் வலி தெரியாது. மயக்கம் தெளிந்த பிறகு போட்டோவைக் காட்டினேன். வெகு நேரம் பார்த்துவிட்டு, “பழுத்த காபிப் பழம் மாதிரியே இருக்குதுங்க” என்றார். அளவும் அதுதான். பயாப்ஸியில் புற்றுநோய் இல்லை, ஆனால் விட்டிருந்தால் மாறக்கூடிய வகை. மூன்று வருடம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும்.

குடும்பத்தில் யாருக்கும் இல்லாதவர்கள் எல்லோரும் ஸ்கோப் போட ஓடி வர வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். 45, 50 வயதைத் தாண்டியவர்கள் மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கிறதா என்று வருடம் ஒரு முறை பார்க்கலாம். அதில் ‘பாசிட்டிவ்’ வந்தாலே புற்றுநோய் என்று அர்த்தமில்லை, அடுத்து கொலோனோஸ்கோபி செய்ய வேண்டும் என்றுதான் அர்த்தம். நம் நாட்டில் 30 வயதைக் கடந்தவர்களுக்கான அரசுப் புற்றுநோய்ப் பரிசோதனையில் வாய், மார்பகம், கருப்பைவாய் இவை மூன்றும்தான் உண்டு. குடலுக்காக யாரும் வீடு தேடி வரமாட்டார்கள். நாமே கேட்டு வாங்க வேண்டும்.

இன்னொன்று என்னை ரொம்பவே வருத்துகிறது. 50 வயதைத் தாண்டிய ஆண், ஹீமோகுளோபின் 8. மாதக்கணக்கில் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறார், முருங்கைக்கீரை சாப்பிடுகிறார். ரத்தம் எங்கே போகிறது என்று ஒருவரும் கேட்டிருக்கமாட்டார்கள். வலது பக்கப் பெருங்குடலில் இருக்கும் கட்டி இப்படித்தான் வெளியே சிவப்பாகத் தெரியாமல் சொட்டுச் சொட்டாகக் கசியும். இந்த வயதில் இரும்புச்சத்துக் குறைந்த சோகை என்றால் வாய் வழியாக இரைப்பையையும் ஆசனவாய் வழியாகப் பெருங்குடலையும் என இரண்டு ஸ்கோப்பும் பார்த்தாக வேண்டும். உணவுக்குழாயும் அப்படித்தான். “இட்லி இறங்கலீங்க, தண்ணி குடிச்சுத் தள்ளுறேன்” என்று ஒருவர் வரும்போது குழாய் ஏற்கெனவே நன்றாகச் சுருங்கியிருக்கும். புகையிலையும் குடியும் பழக்கமுள்ளவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். ‘கேஸ் ட்ரபிள்’ என்று வருடக்கணக்கில் மாத்திரை போடுகிறவர்களும், இரைப்பையில் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள். 1994-லேயே அதை இரைப்பைப் புற்றுநோய்க்குக் காரணமென உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அறிவித்துவிட்டது. இரண்டு வார மருந்தில் பெரும்பாலும் போய்விடும்.

போன வாரம் அந்தத் தம்பி மறுபடி வந்தார். இந்த முறை வாழப்பாடியில் இருக்கும் அக்காவைக் கூட்டி வந்திருந்தார். அவருக்கு 51. “எனக்கு ஒண்ணும் இல்லீங்க” என்று அவர் ஆரம்பிக்கும்போதே தம்பி சட்டைப்பையிலிருந்து அந்தப் போட்டோவை எடுத்து மேசையில் வைத்துவிட்டார். அக்காவுக்கு வெள்ளிக்கிழமை தேதி கொடுத்திருக்கிறேன்.