டெக்னோஸ்ட்ரெஸ்: அழுத்தமா, உளைச்சலா?

போன மாதம் ஒரு பயிற்சிக் கையேட்டின் தமிழ்ப்படி திருத்தத்துக்கு வந்தது. 'தொழில்நுட்ப அழுத்தத்துக்கு ஆளான ஊழியர்கள்' என்று பக்கத்துக்கு நாலு தடவை. கொதிகலன் வேலை பார்த்து ஓய்வுபெற்ற என் மைத்துனர் எட்டிப் பார்த்துவிட்டு, "எத்தனை 'பார்'?" என்று கேட்டார். கொதிகலனில் அழுத்தத்தை அளக்கும் அலகு அது.

மூலச்சொல் டெக்னோஸ்ட்ரெஸ். அமெரிக்க உளவியலர் கிரெய்க் பிராட் 1984இல் எழுதிய புத்தகத்தால் பரவியது. புதுக் கணினிகளோடு ஒத்துப்போக முடியாமல் வரும் நோய் என்றார். 1997இல் உளவியலர்கள் மிஷெல் வீல், லாரி ரோசன் இருவரும் நோய் என்ற வரம்பை நீக்கி, தொழில்நுட்பத்தால் மனத்துக்கும் உடலுக்கும் வரும் எந்தக் கேட்டையும் இதில் சேர்த்தார்கள். 'டெக்னே' கிரேக்கத்தில் கைத்திறன். 'ஸ்ட்ரெஸ்' லத்தீனில் இறுக்கிக் கட்டுவதிலிருந்து வந்தது. பிறப்புக் கதை அவ்வளவுதான்.

என் வழக்கு 'அழுத்தம்' என்ற சொல்லோடு. ரத்த அழுத்தம், காற்றழுத்தம், அரசியல் அழுத்தம் என்று ஏற்கெனவே சுமக்கிற சொல் அது. 'மன அழுத்தம்' என்று பத்திரிகைகள் ஸ்ட்ரெஸ்ஸையும் எழுதுகின்றன, டிப்ரஷனையும் எழுதுகின்றன. எது என்று வாசகர்தான் ஊகிக்க வேண்டும். தவிர, "ஆள் ரொம்ப அழுத்தம்" என்றால் வாயைத் திறக்காதவர் என்று பொருள். "அழுத்தமாக உணர்கிறேன்" என்றால் உறுதியாக நினைக்கிறேன் என்றாகிவிடும். வேதனையைச் சொல்ல வினைச்சொல்லே கிடைக்காத ஒரு சொல்லை வேதனைக்குப் பெயராக வைத்திருக்கிறோம்.

தனித்தமிழ் நண்பர் ஒருவர் 'நுட்பத் தகைவு' என்கிறார். இயற்பியல் பாடநூலில் ஸ்ட்ரெஸ் தகைவு; அதனால் பொருளில் வரும் உருமாற்றம், அதாவது ஸ்ட்ரெய்ன், திரிபு. சரிதான், ஆனால் எஃகுக் கம்பிக்கு. அந்தக் கணக்குப்படி, மனிதனுக்குள் நேர்வதைத் திரிபு என்றுதான் சொல்ல வேண்டும். 'மனத்திரிபு' என்று விடுப்புக் கடிதத்தில் எழுதிப் பாருங்கள்!

என் வாக்கு உளைச்சலுக்கு. கால் உளைகிறது, வயிறு உளைகிறது, மனம் உளைகிறது. வெளியிலிருந்து யாரும் அழுத்த வேண்டியதில்லை, உள்ளேயே அரிக்கும். நான் கண்ட உதாரணம் வங்கி. 1983இல் வங்கி ஊழியர் சங்கங்கள் இயந்திரமயத்துக்கு ஒப்பந்தம் போட்டன. மறு ஆண்டு, வங்கிகளில் இயந்திரமயம் பற்றி ஆராய ரிசர்வ் வங்கி அமைத்த ரங்கராஜன் குழு அறிக்கை தந்தது. பிறகு கிளை கிளையாகக் கணினி வந்தது. பேரேட்டின் நீளக் கூட்டலை ஒரே மூச்சில் போட்ட எழுத்தர்கள், விசைப்பலகையில் ஒரு எழுத்தைத் தேடி விரலைக் காற்றில் வைத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். யாரும் விரட்டவில்லை. நேற்று வந்த பையனிடம் கேட்கக் கூச்சம், தப்பாகத் தட்டினால் யார் கணக்கோ போய்விடுமோ என்ற பயம், இனி நான் எதற்கு என்ற கேள்வி. இதற்கா அழுத்தம் என்று பெயர்?

கையேடு முழுக்கத் 'தொழில்நுட்ப உளைச்சல்' என்று மாற்றி அனுப்பினேன். இணையத்தில் தேடினால் 'அழுத்தம்'தான் அதிகம் வருகிறது என்று பழையபடியே அச்சிட்டுவிட்டார்கள்.