சிஸ்டாலிக், டயஸ்டாலிக்: தமிழில் என்ன சொல்லலாம்?

பிபி பார்த்தால் 120/80 என்று இரண்டு எண் வரும். மேலே இருப்பது சிஸ்டாலிக், கீழே இருப்பது டயஸ்டாலிக். பலரும் மேல் நம்பர், கீழ் நம்பர் என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். உட்கார்ந்த இடத்தில் அளக்கும்வரை அது போதும். உடற்பயிற்சி என்று வந்தால் போதாது, ஏனென்றால் ஓடும்போது இந்த இரண்டும் சேர்ந்து ஏறுவதில்லை.

இரண்டுமே கிரேக்கச் சொற்கள். 'ஸ்டெல்லெய்ன்' என்றால் வைத்தல், அனுப்புதல். அதன் முன்னால் 'சேர்ந்து' எனும் பொருளுள்ள 'சின்' வந்தால் சிஸ்டோலே, அதாவது சுருக்குதல்; 'விலகி' எனும் 'தியா' வந்தால் தியஸ்டோலே, விரித்தல். கிரேக்க யாப்பிலும் இதே சொற்கள் உண்டு, நெடில் குறிலானால் சிஸ்டோலே, குறில் நெடிலானால் தியஸ்டோலே. நம் இலக்கணத்தில் குறுக்கல் விகாரம், நீட்டல் விகாரம் என்று படித்தோமே, அதேதான்!

அதனால் சுருக்கழுத்தம், விரிவழுத்தம் என்பவை பொருத்தமான தமிழ். இதயம் சுருங்கி இரத்தத்தைத் தள்ளும்போது தமனியில் உண்டாகும் உச்ச அழுத்தம் முதலாவது. இதயம் விரிந்து மறுபடி நிரம்பும் நேரத்தில் தமனியில் மிஞ்சி நிற்பது இரண்டாவது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: விரிவது இதயம், இரத்தக் குழாய் இல்லை. குழப்பம் வரும் இடங்களில் 'இதய விரிவழுத்தம்' என்று முழுசாக எழுதிவிடுவது நல்லது.

சரி, பயிற்சிக்கு வருவோம். ஓட்டம், வேக நடை, சைக்கிள் எதுவானாலும் இதயம் ஓய்வில் தள்ளுவதைப்போல நான்கைந்து மடங்கு இரத்தத்தைக்கூடத் தள்ள வேண்டி வரும், அதனால் சுருக்கழுத்தம் உழைப்புக்கு ஏற்ப ஏறிக்கொண்டே போகும். அதே சமயம் வேலை செய்யும் தசைகளில் குழாய்கள் நன்றாகத் திறந்துகொள்வதால் எதிர்ப்பு குறைகிறது, விரிவழுத்தம் அப்படியே நிற்கும் அல்லது கொஞ்சம் இறங்கும். கடுமையாக ஓடும் ஒருவருக்கு 180/75 இருந்தால் அதில் பயப்பட ஒன்றுமில்லை. பளு தூக்குவது வேறு கதை. தசை இறுகிக் குழாய்களை நெரிக்கிறது, மூச்சையும் அடக்குகிறோம், அதனால் இரண்டு எண்ணும் சேர்ந்து எகிறும். 1985இல் வெளியான ஓர் ஆய்வில், இரு கால்களாலும் பெரும் எடையைத் தள்ளிய உடற்கட்டு வீரர்களுக்குத் தமனிக்குள்ளேயே குழாய் வைத்து அளந்தபோது, உச்ச அளவு சராசரியாக 320/250 வந்தது.

ஆண், பெண் வேறுபாடு இங்கேதான் தெரிகிறது. பயிற்சியின் உச்சத்தில் ஆண்களுக்குச் சுருக்கழுத்தம் 210ஐயும் பெண்களுக்கு 190ஐயும் தொட்டால் அதை 'மிகை ஏற்றம்' எனக் கொள்வது பரவலான வழக்கம். அப்படி ஏறுகிறவர்களுக்குப் பின்னாளில் நிரந்தர இரத்தக் கொதிப்பு வரும் வாய்ப்பு கூடுதல். பெண்களின் இதயம் சராசரியாகச் சிறியது, ஒரு துடிப்பில் தள்ளும் அளவும் குறைவு. பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் இரத்தக் குழாய்களைத் தளர்த்தி வைக்கிறது என்பது இன்னொரு காரணம். மாதவிடாய் நின்ற பிறகு இந்தச் சாதகம் மெல்லக் கரைகிறது, அந்த வயதுப் பெண்களுக்கு அழுத்தம் இன்னும் வேகமாக ஏறலாம். ஆகவே ஆணுக்கான அளவுகோலையே பெண்ணுக்கும் வைத்து 'நார்மல்தான்' என்று அனுப்பிவிடுவது நியாயமே இல்லை.

பயிற்சி முடிந்ததும் அழுத்தம் பழைய அளவுக்கும் கீழே இறங்கிச் சில மணி நேரம் அப்படியே இருக்கும். இதை 'பயிற்சிப்பின் தாழ்வு' எனலாம், இரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு இது நல்ல பலன். அப்புறம், முடிந்த பிறகு இறங்குவது வேறு, ஓடிக்கொண்டிருக்கும்போதே சுருக்கழுத்தம் இறங்குவது வேறு. பின்னது இதயம் ஈடுகொடுக்கத் திணறுவதன் அறிகுறியாக இருக்கலாம், உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.