அந்தச் சமயத்தில் என்ன நடந்தது என்று கேளுங்கள்

பதின்ம வயதுப் பிள்ளையைத் தோல் மருத்துவரிடம் கூட்டிவரும் பெற்றோர் பெரும்பாலும் முதலில் கேட்பது எந்த சோப்பு, எந்த க்ரீம் என்றுதான். நான் முதலில் கேட்பது வேறு. இந்தத் தோல் தொந்தரவு எப்போதிலிருந்து அதிகமாச்சு, அப்போது வீட்டிலோ பள்ளியிலோ என்ன நடந்தது? பரீட்சை, பள்ளி மாற்றம், அம்மா அப்பா சண்டை, வீட்டில் ஒரு சாவு, கூடப் படிப்பவர்களின் கேலி என்று ஏதோ ஒன்று பல நேரம் வெளியே வரும், அதுவும் பெரியவர்களைக் கொஞ்சம் வெளியே உட்காரச் சொன்ன பிறகுதான்.

மனதில் உள்ளது தோலிலும் தெரியும். மன அழுத்தத்தின்போது மூளை சுரக்கும் சி.ஆர்.எச். என்ற ஹார்மோனுக்குத் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளிலேயே ஏற்பிகள், அதாவது அதன் செய்தியை வாங்கும் இடங்கள், இருக்கின்றன. நரம்பு முனைகளிலிருந்து வரும் வேதிப்பொருட்கள் அரிப்பையும் அழற்சியையும் கிளப்பும். 2003இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 22 மாணவர்களைப் பரீட்சைக் காலத்திலும் சாதாரண நாட்களிலும் பார்த்தார்கள், அழுத்தம் கூடக்கூடப் பருவும் மோசமானது. சின்ன ஆய்வுதான். ஆனால் 2007இல் சிங்கப்பூர் பள்ளி மாணவர்களிடமும் இதே தொடர்பு தெரிந்தது, அதுவும் முகத்தில் எண்ணெய்ப் பசை பெரிதாகக் கூடாமலேயே. அதனால்தான் சொல்கிறேன், முகத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவச் சொல்லிப் பிள்ளையைப் படுத்தாதீர்கள்.

எக்ஸிமா, தடிப்பு, சோரியாசிஸ் எல்லாமே இப்படிக் கிளம்பலாம். முடி கொட்டுவது இன்னும் ஏமாற்றும்: அதிர்ச்சி நடந்து இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் கொத்தாக உதிரும், அதற்குள் எல்லாரும் அந்தச் சம்பவத்தை மறந்து ஷாம்புவைத் திட்டிக்கொண்டிருப்பார்கள்.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது தன் தோலைத் தானே கிள்ளும் பழக்கம். கை, தோள், முகம் எங்கும் புதுக் காயமும் பழைய தழும்பும் கலந்து கிடக்கும், நடு முதுகு மட்டும் சுத்தமாக இருக்கும், ஏனென்றால் கை அங்கே எட்டாது. கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடி முன் நிற்கும் பிள்ளைக்கு அந்த நேரத்தில் பதற்றம் கொஞ்சம் அடங்குகிறது, அப்புறம் முகத்தைப் பார்த்து வெட்கம், அதிலிருந்து மறுபடி பதற்றம். "கையை எடு" என்று அதட்டினால் இது நிற்காது. மனநல மருத்துவர்கள் நோயறிய வைத்திருக்கும் கையேடான டி.எஸ்.எம்.-5, 2013இல் வெளியானது, இதைத் தனி மனநலக் கோளாறாகவே சேர்த்திருக்கிறது, பழக்கத்தை மாற்றும் நடத்தை சிகிச்சையும் உண்டு.

அதற்காக எல்லாமே மனசுதான் என்று மருந்தை நிறுத்திவிடக் கூடாது. இரவில் வீட்டில் எல்லாருக்கும் அரித்தால் அது ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டும் சொறியாக (ஸ்கேபிஸ்) இருக்கலாம், பருவுக்கு ஹார்மோன் காரணம் இருக்கலாம். பரு மருந்து வேலை செய்யவே ஆறு எட்டு வாரம் ஆகும், அதுவரை விடாமல் போடவேண்டும், கூடவே மனதில் உள்ளதையும் பேசவேண்டும். ஸ்டீராய்டு க்ரீமை நீங்களாக வாங்கி முகத்தில் போடாதீர்கள், பரு இன்னும் கிளம்பும். பிள்ளை பள்ளிக்குப் போக மறுத்தாலோ, தூக்கம் கெட்டாலோ, கையில் வரிசையாகக் கீறல் தெரிந்தாலோ தோல் மருத்துவரோடு நிறுத்தாமல் அந்த வாரமே மனநல மருத்துவரையும் பாருங்கள். சாக வேண்டும் என்று பேசினால் ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள்.