சாலை நீட்டிப்பு: அளவுக்கல் நடும் முன்பே கேட்க வேண்டியவை

2013 சித்திரை மாதம். கடலூர் மாவட்டம் குறிஞ்சிப்பாடி வட்டத்தில் ஓர் ஊரிலிருந்து நெடுஞ்சாலை வரை வண்டிப்பாதையாகக் கிடந்ததைத் தார்ச்சாலையாக நீட்டிப்பதற்கு அளவெடுக்கப் போயிருந்தோம். நீளம் மூன்றரை கிலோமீட்டர். வெயில் ஏறுமுன் லெவல், அதாவது நிலத்தின் ஏற்ற இறக்க அளவு, எடுத்து முடிக்க வேண்டும் என்ற அவசரம். வயலெல்லாம் வெடித்துக் கிடந்தது. வரைபடத்தில் இருந்த ஒரே வாய்க்காலுக்கு இரண்டு குழாய் என்று குறித்துக்கொண்டோம். அங்கிருந்து முந்நூறு மீட்டர் தள்ளி, பனைமரங்களின் ஓரமாகப் பாதை லேசாகத் தாழ்ந்து எழுந்தது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் அருகில் வந்து, "தம்பி, இங்கேயும் ஒரு கண் வையுங்கள். மேற்கே ஏரி நிறைந்தால் தண்ணீர் இப்படித்தான் இறங்கும்" என்றார். தண்ணீர் கடக்கச் சாலைக்கு அடியில் விடும் வழியைத்தான் கண் என்கிறோம். புல வரைபடத்தில் அந்த இடத்தில் வாய்க்கால் இல்லை. கொடுத்திருந்த தொகையில் அதற்கு இடமும் இல்லை. "பார்க்கிறோம் ஐயா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டோம்.

2015 நவம்பர் மழையில் மறுபடி அங்கே போனேன். சாலைக்கு மேற்கே இடுப்பளவு தண்ணீர், கிழக்கே கணுக்கால் அளவு. நடுவில் நாங்கள் அளந்து கொடுத்த சாலை ஏரிக்கரை போல நின்றது. நட்டு ஒரு மாதம் ஆகாத சம்பா ஒன்பது நாள் மூழ்கிக் கிடந்து அழுகியது. கடைசியில் ஊர்க்காரர்களே பொக்லைன் வைத்துச் சாலையை வெட்டித் தண்ணீரை விட்டார்கள். வெட்டிய இடம், பெரியவர் காட்டிய அதே பள்ளம்.

சாலைகளுக்கு அளவெடுப்பதும் வடிகால் கணக்குப் போடுவதும்தான் இந்த மாவட்டத்தில் என் தொழில். இருபது ஆண்டுகளில் நான் பார்த்தவரை, ஊர்ச் சாலை நீட்டிப்பில் நடக்கும் சேதத்தில் பெரும்பங்கு, அந்தப் பெரியவர் சொன்னதைப் போன்ற ஒரு செய்தி காகிதத்தில் ஏறாமல் போவதால்தான் வருகிறது. அதை யார், எப்போது, எப்படி ஏற்றுவது என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

கடலூர் மாவட்டத்தின் நிலம் மேற்கிலிருந்து கிழக்கே கடலை நோக்கிச் சரிகிறது. தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, தெற்கெல்லையில் கொள்ளிடம் என்று எல்லா ஆறுகளும் அந்தத் திசையில்தான் ஓடுகின்றன. நெய்வேலி, பண்ருட்டிப் பக்கத்துச் செம்மண் மேட்டில் பெய்யும் மழை வாலாஜா ஏரி, பெருமாள் ஏரி வழியாக இறங்கி உப்பனாற்றில் கலந்து கடலூர் முதுநகர் அருகே கடலுக்குப் போகிறது. ஆகவே எந்தச் சாலைத் திட்டத்தைக் கையில் எடுத்தாலும் நான் முதலில் பார்ப்பது, அது வடக்கு தெற்காகப் போகிறதா, மேற்கு கிழக்காகப் போகிறதா என்பதைத்தான். மேற்கு கிழக்குச் சாலை தண்ணீரோடு சேர்ந்து போகும். பக்கவாட்டு வாய்க்கால் சரியாக இருந்தால் பெரும்பாலும் தொல்லை இல்லை. வடக்கு தெற்குச் சாலை தண்ணீரைக் குறுக்கே மறிக்கிறது. அப்படிப்பட்ட சாலையில் ஒவ்வொரு நூறு மீட்டரையும் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம், பள்ளிக்கூடக் கணக்குதான். சாலைக்கு மேற்கே 100 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 250 ஏக்கர் நிலத்தின் தண்ணீர் ஒரு பள்ளத்தை நோக்கி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் மழை. வடகிழக்குப் பருவத்தில் இது நமக்குப் புதியதல்ல. மொத்தம் 50,000 கன மீட்டர். பாதி மண்ணில் இறங்கிவிட்டது என்றாலும் மீதி 25,000. இது ஒரு மணி நேரத்தில் கடக்க வேண்டுமானால் விநாடிக்கு ஏறக்குறைய 7 கன மீட்டர். இனி குழாய்க்கு வருவோம். 600 மில்லிமீட்டர் குழாய் இரண்டின் வாய்ப்பரப்பு சேர்ந்து 0.57 சதுர மீட்டர்கூட இல்லை. விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் ஓடினாலும் 1.1 கன மீட்டர்தான் போகும். ஏழு போக வேண்டிய இடத்தில் ஒன்று போகிறது. மீதி ஆறும் வயலிலும் வீட்டு வாசலிலும் நிற்கிறது. அதே இடத்தில் 2 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரத்தில் ஒரு பெட்டிப் பாலம் இருந்தால் வாய்ப்பரப்பு 4 சதுர மீட்டர்; தண்ணீர் போய்விடும். உண்மையான வடிவமைப்பில் இன்னும் பல நுணுக்கங்கள் உண்டு. ஆனாலும் உங்கள் ஊருக்குக் குறித்திருக்கும் குழாய் போதுமா என்று தோராயமாக அறிய இந்த அளவு போதும். கடலோர ஊர்களில் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். உப்பனாற்றில் ஓதம், அதாவது கடலின் ஏற்றம், ஏறும் நேரத்தில் வாய்க்கால் தண்ணீர் வடியாது, சில இடங்களில் திரும்பி ஏறும். அந்த நேரத்துக்கும் கணக்கு இருக்க வேண்டும்.

சாலையை எவ்வளவு உயர்த்துவது என்பதில்தான் ஊர்க்காரர்களோடு எனக்கு அடிக்கடி வாக்குவாதம் வருகிறது. "மழைக்காலத்தில் முழுகாத சாலை வேண்டும், ஒரு மீட்டர் உயர்த்திப் போடுங்கள்" என்பார்கள். அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. பிரசவ வலியோடு ஒரு பெண்ணைக் கட்டிலில் வைத்துத் தரைப்பாலத்தைக் கடத்திய ஊர்கள் இங்கே உண்டு. ஆனால் கண் வைக்காமல் உயர்த்தப்படும் ஒவ்வொரு அடியும் மேற்கே இருக்கும் வயலிலும் தெருவிலும் தண்ணீரை ஓர் அடி ஏற்றி நிறுத்துகிறது. உயரம் கேட்பவர்கள் பெரும்பாலும் சாலையின் கிழக்கே குடியிருப்பவர்களாகவும், மூழ்குவது மேற்கே இருக்கும் குடியிருப்பாகவும் இருப்பதை நான் பல ஊர்களில் பார்த்துவிட்டேன். என் முடிவு இதுதான்: ஏழு மீட்டர் அகலம் என்று போட்டிருந்தால் ஐந்தரை மீட்டராகக் குறைத்துக்கொள்ளலாம். மிச்சமாகும் பணத்தைத் தாழ்வான இடத்தில் அகலமான பாலத்துக்குப் போட வேண்டும். அதற்கும் பணம் இல்லாத இடத்தில் தரைப்பாலமாகவே விட்டுவிட்டு, ஆண்டுக்கு இரண்டு நாள் போக்குவரத்தை நிறுத்துவது, இருநூறு ஏக்கர் சம்பாவை ஒரு வாரம் மூழ்கடிப்பதைவிட மேல். ஆனால் அப்படி விடும்போது அந்த இரண்டு நாளுக்கு நோயாளிகளுக்கு மாற்றுவழி எது என்பதையும் அறிக்கையில் எழுதியாக வேண்டும்.

பலர் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. இதற்கெல்லாம் சுற்றுச்சூழல் அனுமதி வாங்க மாட்டார்களா, மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்காதா? பெரும்பாலான ஊர்ச் சாலைகளுக்கு நடக்காது. 2006 செப்டம்பர் 14 அன்று வெளியான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் பட்டியலில் சாலை என்று வருவது தேசிய நெடுஞ்சாலைகளும் மாநில நெடுஞ்சாலைகளும்தான். தேசிய நெடுஞ்சாலை விரிவாக்கம்கூட, 2013 திருத்தத்தின்படி, 100 கிலோமீட்டருக்கு மேல் நீளமாக இருந்து, இருக்கும் தடத்தில் 40 மீட்டருக்கு மேல் அல்லது புறவழியில் 60 மீட்டருக்கு மேல் கூடுதல் நிலம் தேவைப்பட்டால்தான் அனுமதி வளையத்துக்குள் வருகிறது. மாவட்ட இதர சாலைகளுக்கும் ஊராட்சி ஒன்றியச் சாலைகளுக்கும் அந்தப் பட்டியலில் இடமே இல்லை. மூன்றரை கிலோமீட்டர் சாலைக்குத் தாக்க மதிப்பீட்டு அறிக்கை எழுதும்படி எந்தச் சட்டமும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை.

ஆனால் வேறு சட்டங்கள் குறுக்கிடும் இடங்கள் நம் மாவட்டத்தில் நிறைய. கடலோரமாகப் போகும் சாலைக்குக் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் பொருந்தும். உயர் ஓதக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரையிலான நிலமும் ஓதம் ஏறும் ஆற்றங்கரைகளும் அதில் அடங்கும். தாழங்குடா, தேவனாம்பட்டினம், பரங்கிப்பேட்டை, கிள்ளைப் பக்கம் சாலை நீள்கிறது என்றால் முதலில் கேட்க வேண்டியது அந்த மண்டல வரைபடத்தை. பிச்சாவரத்தை ஒட்டிய சுரபுன்னைக் காடுகள் இந்த விதிகளில் மிகக் கடுமையான பிரிவில் இருக்கின்றன. 2019 அறிவிக்கையின்படி அங்கே சாலை என்பது நாட்டின் ராணுவப் பாதுகாப்பு, பொதுப்பயன்பாடு போன்ற விதிவிலக்கான காரணங்களுக்கு மட்டுமே. அப்படிப் போட்டாலும் அழியும் காட்டுக்கு மூன்று மடங்கு பரப்பில் நட்டாக வேண்டும். காப்புக்காட்டைத் தொட்டால் மத்திய அரசின் வனச் சட்டம் வரும். ஏரி, குளம் என்றால் தமிழ்நாட்டின் 2007 ஏரிகள் பாதுகாப்புச் சட்டம். சாலையோரப் புளியமரங்களையும் பனைகளையும் வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியர் மட்டத்தில் அனுமதி தேவை. அந்தக் கோப்பு நகரும்போது ஊரின் ஆட்சேபமும் அதில் இருக்க வேண்டும்.

மண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு மீட்டர் உயரத்துக்குச் சாலையை உயர்த்த ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 10,000 கன மீட்டர் மண் வேண்டும். அது எங்கிருந்து வருகிறது? சாலைக்காக மண் எடுக்கச் சுற்றுச்சூழல் முன் அனுமதியே வேண்டாம் என்று 2020 மார்ச்சில் மத்திய அரசு அளித்த விலக்கை உச்ச நீதிமன்றம் 2024 மார்ச் 21 அன்று ரத்து செய்தது. அதன்பின் நிபந்தனைகளோடு புதிய விதிகள் வந்திருக்கின்றன. எந்த ஏரி, எந்தச் சர்வே எண், எத்தனை அடி ஆழம் என்று எழுத்தில் கேளுங்கள்.

நிலம் எடுக்கும்போது ஒரு நோட்டீஸ் வரும். அதைப் படிக்காமல் அலமாரியில் வைத்துவிடுபவர்கள்தான் அதிகம். தேசிய நெடுஞ்சாலைக்காக என்றால் 1956 சட்டத்தின் 3ஏ பிரிவு அறிவிக்கை வெளியான நாளிலிருந்து 21 நாளுக்குள் ஆட்சேபம் தர வேண்டும். 2013 நில எடுப்புச் சட்டத்தின் கீழ் என்றால் முதல்நிலை அறிவிக்கைக்குப் பிறகு 60 நாள். எந்தச் சட்டத்தின் கீழ் எடுக்கிறார்கள் என்பதை நோட்டீஸின் முதல் வரியிலேயே பார்த்துவிடுங்கள். நாள் கணக்கு அங்கேதான் இருக்கிறது. ஆட்சேபத்தில் இழப்பீட்டை மட்டும் எழுதாமல், "என் நிலத்தின் இந்த மூலையில் மழைக்காலத்தில் தண்ணீர் கடக்கிறது, இங்கே இத்தனை மீட்டர் அகலத்தில் வழி வேண்டும்" என்று புல வரைபடத்தின் நகலில் குறித்து இணைத்தால், அதற்குப் பதில் சொல்லும் கடமை அலுவலர்களுக்கு வந்துவிடுகிறது.

எல்லாவற்றையும்விட முக்கியம் காலம். மதிப்பீடு ஒப்புதலாகி ஒப்பந்தப்புள்ளி கோரிய பிறகு ஒரு சிறுபாலத்தைக் கூட்டுவது மிகவும் கடினம். திருத்திய மதிப்பீடு, கூடுதல் நிதி, மறுபடி ஒப்புதல் என்று ஓராண்டு போய்விடும். அளவெடுக்கும் ஆட்கள் லெவல் கருவியோடு ஊருக்குள் வரும் அந்த இரண்டு மூன்று நாள்தான் உங்கள் நாள். அன்று கிராம வரைபடத்தையும், ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம் என்று சொல்லும் 'அ' பதிவேட்டின் நகலையும் வைத்துக்கொண்டு அவர்களோடு நடந்து போங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டால் ஓடை புறம்போக்கு, வாய்க்கால் புறம்போக்கு எந்தெந்தச் சர்வே எண்ணில் இருக்கிறது என்று தெரியும். பதிவேட்டில் ஏறாத நீர்வழிகளுக்கு உங்கள் நினைவுதான் ஆவணம். 2015-இலும், 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு தென்பெண்ணை பெருகியபோதும் தண்ணீர் எந்தச் சுவரில், எந்த மின்கம்பத்தில் எந்த உயரம் வரை நின்றது என்று பெயின்டால் கோடு போட்டு, அளவுநாடாவோடு படம் எடுத்து வையுங்கள். தொழில்முறையில் சொல்கிறேன், ஒரு வெள்ளக் கோடு எங்கள் பத்துப் பக்கக் கணக்கைத் திருத்த வல்லது. தென்பெண்ணையின் குறுக்கே உள்ள சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறக்கப்பட்ட அந்த வெள்ளத்தில், திருவண்ணாமலை மாவட்டம் அகரம்பள்ளிப்பட்டில் திறந்து மூன்று மாதமே ஆன பாலம் அடித்துச் செல்லப்பட்டதை எல்லோரும் பார்த்தோம்.

கிராம சபையும் இருக்கிறது. தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. நவம்பர் 1 கூட்டம் மழைக்கு நடுவில் வருவதால், சாலை வடிகால் குறித்த தீர்மானத்துக்கு அதைவிடப் பொருத்தமான நாள் கிடையாது. வரைபடமும் மதிப்பீடும் கேட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டால் 30 நாளில் பதில் வர வேண்டும். சிறுபாலங்களின் இடம், கண்களின் எண்ணிக்கை, அளவு இந்த மூன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். "சாலை விவரம் வேண்டும்" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும்.

குறிஞ்சிப்பாடிப் பக்கத்து அந்த ஊருக்கு இன்றும் போய்வருகிறேன். 2015-இல் வெட்டிய இடத்தை மண் போட்டு மூடி மேலே தார் போட்டுவிட்டார்கள். பிறகு ஊராரின் மனுவோடு என் கணக்கையும் வெள்ளக் கோடுகளின் படத்தையும் இணைத்துக் கொடுத்ததில், நான்கு ஆண்டு கழித்து 900 மில்லிமீட்டர் குழாய் ஒன்று பதித்தார்கள். என் கணக்கின்படி அங்கே பெட்டிப் பாலம் வேண்டும். மூன்றாவது மனு இப்போது போயிருக்கிறது. பெரியவர் காலமாகிவிட்டார். அவருடைய மகன் ஆண்டுதோறும் புரட்டாசி முடிவதற்குள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய், குழாயின் வாயில் அடைத்துக்கொண்டிருக்கும் சீமைக் கருவேல முள்ளை வெட்டி எடுத்துவிட்டு வருகிறார்.