பெட்டி நகர்ந்தால் கயிறு என்ன செய்யும்?

தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகரில், டேபிள் மவுண்டன் மலைக்கு 1929-லிருந்து ரோப் கார் ஓடுகிறது. 1997-ல் வந்த புதிய பெட்டிகளில் ஒரு தடவைக்கு 65 பேர் ஏறலாம். வழியில் தாங்குகோபுரம் ஒன்றுகூடக் கிடையாது. 1,200 மீட்டர் எஃகுக் கயிறு அடிவாரத்திலிருந்து உச்சிவரை ஒரே வீச்சாகப் போகிறது. ஒரு கயிற்றின் எடையே 18 டன். அதை இழுத்துப் பிடிக்க 134 டன் எதிர் எடை தொங்குகிறது. 65 பேருக்கு எதற்கு இத்தனை பாரம்?

துணி காயப்போடும் கொடியில் ஈரப் போர்வையைப் போட்டுப் பாருங்கள். சுவரோரமாக இருக்கும்வரை கொடி அவ்வளவாகத் தாழாது. நடுவுக்குத் தள்ளினால் போர்வை தரையைக் கூட்டும். விறைப்பாக இழுத்துக் கட்டினாலோ ஆணி பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். போர்வையைத் தூக்கிப் பிடிப்பது கயிற்றின் சாய்வுதான். சாய்வு குறையக் குறைய, அதே எடையைத் தாங்க இழுவிசை ஏறியாக வேண்டும்.

கணக்காகவே பார்ப்போம். ஒரே உயரத்தில் இரு முனைகள், இடையே 1,000 மீட்டர். கயிறு மீட்டருக்கு 15 கிலோ, இழுவிசை 100 டன். சும்மா இருக்கும்போதே நடுவில் ஏறத்தாழ 19 மீட்டர் தொங்கும். 5 டன் பெட்டி நடுவுக்கு வந்தால் அந்த இடம் இன்னும் 12.5 மீட்டர் இறங்கும். கால்வாசித் தூரத்தில் பெட்டி நின்றால், அதன் கீழே கூடுதல் இறக்கம் 9.4 மீட்டர்தான்.

இப்படித் தாழ்வதற்குக் கயிறு கூடுதலாக வேண்டுமே, அது எங்கிருந்து வரும்? எதிர் எடை மேலே ஏறி அதைக் கொடுக்கிறது. நம் கணக்கில் பெட்டி நடுவை எட்டும்போது அது ஏறுவது வெறும் ஒன்றேகால் மீட்டர். பெட்டி அக்கரையை நெருங்கும்போது மெல்ல இறங்கிவிடும். பெட்டி எங்கே இருந்தாலும் இழுவிசை கிட்டத்தட்ட மாறாது.

இரு முனையையும் பாறையில் இறுக்கிக் கட்டினால்? கயிறு துளியும் நீளாது என்று வைத்துக்கொண்டால், பெட்டி நடுவில் இருக்கும்போது இழுவிசை 150 டன்னைத் தாண்டும். நல்லவேளையாக எஃகும் ரப்பர் போலச் சற்று நீளும். அதனால் உண்மையில் 120 டன்னுக்குள் அடங்கிவிடும். இரு முனையும் கட்டிய ரோப்வேக்கள் பல இந்த நெகிழ்ச்சியை நம்பித்தான் ஓடுகின்றன.

இழுவிசை கூடினால் ஆபத்து என்பது யாருக்கும் தோன்றும். குறைந்தாலும் கயிற்றுக்குக் கேடு என்பதுதான் எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த பகுதி. பெட்டியின் ஒவ்வொரு சக்கரத்தின் அடியிலும் கயிறு சிறிதாக மடங்கி நிமிர்கிறது. கயிறு தளர்வாக இருந்தால் அந்த மடிப்பு கூர்மையாகும். கம்பியை இப்படியும் அப்படியுமாக வளைத்து ஒடிப்போமே, அதே களைப்புதான். ஆயிரக்கணக்கான நடைகளில் உள்ளிழைகள் ஒவ்வொன்றாக அறும். விறைப்பான கயிறு சக்கரத்தின் அடியில் குறைவாகவே வளையும். பெரிய பெட்டிகளுக்கு மேலே சக்கரங்களை வரிசையாக வைத்துப் பாரத்தைப் பிரிப்பதும் இதற்காகத்தான்.

கோபுரங்கள் உள்ள பாதைகளில் கயிறு அமர்ந்திருக்கும் இடமும் தேயும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, நிலையத்தில் சுற்றி வைத்திருக்கும் உபரிக் கயிற்றை அவிழ்த்து, மொத்தக் கயிற்றையும் சில மீட்டர் நகர்த்துவார்கள். அதுவரை கோபுரத்தின் மேல் தேய்ந்த பகுதி, அன்றிலிருந்து வெறும் காற்றில் தொங்கும்.